மாட்டின் இடப்பக்கம் காது வைத்தவர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பசியாறிவிட்டு மாத்திரையைக் கையில் எடுத்தபோது கைப்பேசி ஒலித்தது. பால்கார ராக்கம்மா. அந்த நேரத்தில் அவர் யாரையும் அழைக்க மாட்டார். கொட்டகை வேலை முடிய ஒன்பது மணி ஆகிவிடும்.

"சார், மாட்டு மிஸ்ஸி போயிட்டாங்க சார்."

மாத்திரையை மேசையிலேயே வைத்துவிட்டேன். ராக்கம்மாவே தொடர்ந்தார். "செனாய்ல மகன் வீட்டுல. தூக்கத்துலயே போயிட்டாங்களாம். மதியத்துக்குள்ள சிகாமட் வீட்டுக்குக் கொண்டாந்துருவாங்க. நீங்க பஸ்ஸுக்கு நிக்காதீங்க சார், நான் மருமகன் காடியில வந்து உங்கள ஏத்திக்கிறேன்."

எங்கள் பக்கத்தில் தோட்ட மருத்துவமனைத் தாதியை மிஸ்ஸி என்றுதான் அழைப்பார்கள். அரசாங்கக் கால்நடை அலுவலகத்தில் உதவியாளராக இருந்து, பெக்கோக் சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களுக்கெல்லாம் காப்சாய் எனும் சிறு மோட்டார் சைக்கிளில் வந்துபோன திருமதி சிவயோகம் அவர்களுக்கு 'மாட்டு மிஸ்ஸி' என்ற பெயர் அப்படித்தான் அமைந்தது. அந்தப் பெயரில் அவருக்கு வருத்தம் இருந்ததில்லை. "மற்ற மிஸ்ஸிமாருக்கு நோயாளி வாயைத் திறந்து எங்க நோகுதெண்டு சொல்லும். எனக்கு அந்தக் குடுப்பினை இல்லை" என்பார். மூன்று தலைமுறையாகச் சிகாமட்டில் வாழ்ந்த குடும்பம். ஆனாலும் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த தமிழை அவர் விடவில்லை. நடுவில் நம் ஊர் 'லா' மட்டும் வந்து ஒட்டிக்கொள்ளும். "ஓம் லா" என்று அவரைத் தவிர வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நாங்கள் அறிமுகமானதே ஒரு திருத்தத்தில்தான். பெக்கோக் அருகே ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு நான் மாற்றலாகி வந்த புதிது. ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு அறிவியல் பாடம். "மாட்டுக்கு நான்கு வயிறு" என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். பள்ளி வேலியில் கட்டியிருந்த ராக்கம்மாவின் மாட்டைப் பார்க்க வந்திருந்த ஓர் அம்மையார் சன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"மாஸ்டர், மன்னிக்கோணும். வயிறு ஒண்டுதான். அறைதான் நாலு."

வகுப்பே சிரித்தது. எனக்குக் காது சூடானது. ஆனால் தவறு தவறுதானே. "உள்ளே வந்து நீங்களே சொல்லுங்கள் அம்மா" என்றேன். அவர் காலணியை வாசலில் கழற்றிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்தார். முதலில் கேட்டது சிற்றுண்டிச்சாலையிலிருந்து ஒரு தட்டு வெறுஞ்சோறு.

ஆளுக்கு ஒரு வாய் கொடுத்து, "விழுங்காதையுங்கோ. மென்று கொண்டே இருங்கோ" என்றார். கொஞ்ச நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு பெண், "டீச்சர், இனிக்குது!" என்றாள். அடுத்து, திடலிலிருந்து பறித்துக் கழுவிய லாலாங் புல். அதை எவ்வளவு மென்றும் இனிக்கவில்லை. துப்புவதற்குத்தான் எல்லாரும் ஓடினார்கள்.

"சோறும் புல்லும் ஒரே மணியில கோத்த ரெண்டு மாலை, பிள்ளையள். மணி எண்டது சீனி. முடிச்சுத்தான் வேற வேற. சோத்து முடிச்சை எங்கட எச்சிலே அவிழ்க்கும். புல்லு முடிச்சை நாங்களும் அவிழ்க்க ஏலாது, மாடும் அவிழ்க்க ஏலாது."

"அப்ப மாடு எப்படி டீச்சர் உயிரோட இருக்கு?"

"கூலிக்கு ஆள் வச்சிருக்கு."

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது உடனே புரிந்தது. மாட்டின் முதல் அறை ஒரு பெரிய பீப்பாய் போன்றது; அதற்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன; மாடு புல்லை மென்று கொண்டுபோய்க் கொடுக்கிறது; அவை முடிச்சை அவிழ்த்துச் சீனியைத் தாங்கள் சாப்பிட்டுவிடுகின்றன; சாப்பிட்ட பின் அவை வெளியே விடுகிற புளிப்பு இருக்கிறதே, வினிகரில் இருக்கும் புளிப்பும் அதன் உறவுகளும், அதுதான் அந்த அறையின் சுவர் வழியாக இரத்தத்தில் சேர்ந்து மாட்டுக்கு உணவாகிறது. இதையெல்லாம் அவர் ஒரு சுண்ணக்கட்டியை வைத்து வரைந்து காட்டினார்.

ஒரு குறும்புக்காரன் எழுந்தான். "அப்ப மாடு எச்சிச் சோறா டீச்சர் சாப்பிடுது?"

"ஓம் லா. அதைச் சாப்பிட்டுத்தான் உனக்குப் பால் தருது."

போகும்போது, "எல்லாம் மெதுவா நடக்கோணும் பிள்ளையள். அதுக்குத்தான் அசை போடுது. அசை போட்டால் எச்சில் ஊறும். எச்சில் ஊறினால் புளிப்பு அளவோட நிக்கும்" என்றும் சொன்னார். மணியடித்துவிட்டதால் அந்தக் கடைசி வரியை நான் கரும்பலகையில் எழுதவில்லை. அதன் விலை எனக்குச் சில ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது.

அவரைத் தெரிந்தவர்கள் பலர் இந்தக் கதையை அரைகுறையாகக் கேட்டிருப்பார்கள். பிழை என்னுடையது என்பதால் நானே முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஆண்டு மாட்டுப் பொங்கலைப் பள்ளியில் சிறப்பாகக் கொண்டாட நினைத்தேன். ராக்கம்மாவின் செவலை அப்போது ஏழு மாதச் சினை. அதைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் பூசி, திடலுக்கு அழைத்து வந்தோம். ஒவ்வொரு மாணவரும் வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து மாட்டுக்கு ஊட்ட வேண்டும் என்பது என் ஏற்பாடு. என் மனத்தில் ஒரு கணக்கும் இருந்தது. வெறும் புல்லிலிருந்தே இவ்வளவு பெறுகிற மாடு, அரிசியும் வெல்லமும் கொடுத்தால் எவ்வளவு பெறும்! மிஸ்ஸி நடத்திய பாடத்தை வைத்தே நான் போட்ட கணக்கு அது.

முப்பத்தெட்டுக் கிண்ணம். செவலை எதையும் மறுக்கவில்லை. மீதியை ஒரு பேசினில் கொட்டி அதன் முன்னால் வைத்தோம். ராக்கம்மாவும் தடுக்கவில்லை. "சாமி சாப்பாடு சார், வேணாம்னு சொல்லக் கூடாது" என்று பூரித்துப்போய் நின்றார்.

அன்று சாயங்காலமே என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"சார், செவலை அசை போடல சார். புல்லக் காட்டுனா மூஞ்சத் திருப்புது. வயிறு வேற ஒரு மாதிரியா இருக்கு."

"களைப்பா இருக்கும்" என்றேன். என்ன அறியாமை!

மறுநாள் காலை செவலை படுத்துவிட்டது. ராக்கம்மாவின் மற்ற இரண்டு மாடுகளும் கிழடு. கணவர் செனாயில் தொழிற்சாலை வேலை, வார இறுதியில்தான் வருவார். செவலையின் இந்தக் கன்றை நம்பித்தான் அவர் பால் வேலையைத் தொடர இருந்தார். கொட்டகையில் என்னைப் பார்த்ததும் அவர் திட்டவில்லை. "செவலை போச்சுன்னா நானும் பேக்டரிக்குத்தான் சார்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

மிஸ்ஸி வந்ததும் நேரே மாட்டின் இடப்பக்கம் மண்டியிட்டு, விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் காதை வைத்தார். வழக்கமாக அங்கே நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை தூரத்து இடிபோல ஓர் ஓசை உருண்டு வரும். முதல் அறை தன்னைத் தானே பிசைந்துகொள்ளும் ஓசை அது. அன்று அவர் வெகுநேரம் காதை எடுக்கவில்லை. பிறகு கையால் அழுத்திப் பார்த்தார். அரைக்குடம் தண்ணீர்போலத் ததும்பியது.

"என்ன குடுத்தனீங்கள்?"

ராக்கம்மா தரையைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். "பொங்கல்."

"எவ்வளவு?"

"முப்பத்தெட்டுக் கிண்ணம்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. "மாஸ்டர், முப்பத்தெட்டுப் பிள்ளையளும் ஒரே நேரத்தில எழும்பிக் கேள்வி கேட்டால் நீங்கள் என்ன செய்வியள்?"

"திணறிப்போவேன்."

"அதுதான் உள்ளுக்க நடந்திருக்கு."

மருத்துவர் சிகாமட்டிலிருந்து வரும்வரை அவர் முதலுதவி செய்துகொண்டே விளக்கினார். புல்லின் முடிச்சு கடினம். அதனால் உள்ளே இருப்பவர்கள் நாள் முழுதும் நிதானமாக வேலை செய்வார்கள். சோறும் வெல்லமும் வந்தால் அவிழ்க்க வேலையே இல்லை. அவசரக்காரர்களான சிலர் மட்டும் வயிறு முட்டத் தின்று பெருகி, தயிரைப் புளிக்க வைக்கிற அதே புளிப்பைக் கொட்டித் தீர்ப்பார்கள். புல் தின்னும் பொறுமைசாலிகள் அந்தப் புளிப்பில் மடிந்துபோவார்கள். உடம்பிலுள்ள நீரெல்லாம் வயிற்றுக்குள் இறங்கிவிடும். மாட்டைக் கொல்வது அதுதான்.

மழைக்காலம் என்பதால் பாதையெல்லாம் தண்ணீர். மருத்துவர் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தார். நரம்பில் நீர் ஏற்றினார், ஊசி போட்டார், வயிற்றுப் புளிப்பை முறிக்கச் சோடா மாவு கரைத்து ஊற்றினார். மூன்றாம் நாள் செவலை எழுந்து நின்றது. ராக்கம்மா கற்பூரம் ஏற்றினார். ஆனால் அது தின்னவில்லை. நல்ல இளம்புல்லை முகர்ந்துவிட்டு அப்படியே நின்றது. இடப்பக்கம் இன்னும் மௌனம்தான்.

"மருந்து தன்ர வேலையைச் செய்திட்டுது" என்றார் மிஸ்ஸி. "வீடு இப்ப சுத்தம். ஆனா வீட்டுக்குள்ள ஆளில்லை."

"ஆளுக்கு எங்கே போவது?"

"இன்னொரு மாட்டிட்டத்தான் கேக்கோணும்."

மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டு ஒப்புதல் வாங்கிக்கொண்டார். தோட்டத்துக்கு அடுத்த மலாய்க்காரர் கிராமமான கம்பத்தில் பாக் லாசிம் ஒரு கறுப்புக் காளை வளர்த்தார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கென்று வைத்திருந்த காளை. பச்சைப் புல்லைத் தவிர வேறெதுவும் தின்று பழகாதது. அதன் வயிற்று நீரில் கொஞ்சம் எடுத்துவந்து செவலைக்குக் கொடுப்பதுதான் வழி. சூடு ஆறக் கூடாது, காற்றும் படக் கூடாது.

மிஸ்ஸியின் பார்வை என் மோட்டார் கூடையில் இருந்த பிளாஸ்க் மேல் விழுந்தது. இரண்டு லிட்டர் பிளாஸ்க். பள்ளியில் நாங்கள் ஐந்து ஆசிரியர்கள் குடிப்பதற்காக என் மனைவி தினமும் தேநீர் போட்டுக் கொடுப்பது.

"மாஸ்டர், இது சூடு தாங்குமோ?"

அப்போது ராக்கம்மாதான் குறுக்கே நின்றார். "மிஸ்ஸி, நீங்க என்ன சொன்னாலும் கேப்பேன். ஆனா இன்னொரு மாட்டு வயித்துல இருந்து எடுத்த எச்சிய என் செவலைக்கு ஊத்துறதா? அலமாக்! பொங்கலன்னிக்குத்தான் பொட்டு வச்சுக் கும்பிட்ட மாடு."

மிஸ்ஸி அவசரப்படவில்லை. பக்கத்திலிருந்த வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார்.

"ராக்கம்மா, செவலை பிறக்கேக்க அதின்ர வயித்துக்குள்ள இந்த ஆக்கள் இருந்தவையோ?"

"தெரியலையே மிஸ்ஸி."

"இல்லை. வெறும் வயிறு. தாய் நக்கினது, தாயின்ர வாயைக் கன்று நக்கினது, தாய் மேஞ்ச இடத்தில மேஞ்சது, அப்பிடித்தான் குடியேறினவை. எச்சில் வாங்காமல் ஒரு மாடும் மாடாகாது. இது எச்சில் இல்லை பிள்ளை, தாய் குடுக்கிற சீதனம். செவலையின்ர தாய் இப்ப இல்லை. அந்தக் காளை குடுக்கட்டுமே."

ராக்கம்மா கொஞ்ச நேரம் செவலையின் நெற்றியைத் தடவிக்கொண்டே நின்றார். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். "வடிகட்டத் துணி வேணுமா மிஸ்ஸி?"

பாக் லாசிமிடம் போய் நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னபோது, அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "அம்பில் லா, சிக்கு!" எடுத்துக்கொள்ளுங்கள் வாத்தியாரே என்றவர், காளையின் மூக்கணாங்கயிற்றைத் தாமே பிடித்துக்கொண்டார். மிஸ்ஸி குழாயை அதன் வாய்வழி மெல்ல இறக்கி, கைப்பம்பால் இழுத்தார். பச்சை நிறத்தில், ஆவி பறக்க வந்தது. ராக்கம்மா கொடுத்த பழைய வேட்டித் துணியில் வடிகட்டி என் பிளாஸ்க்கை நிரப்பினோம். இரண்டு நடை போய்வந்தோம்.

செவலைக்கு ஊற்றி முடித்ததும் மிஸ்ஸி பிளாஸ்க்கைத் தூக்கிக் காட்டினார். "மாஸ்டர், இனி இதில தேத்தண்ணி குடிப்பியளோ?"

அந்தக் கொட்டகையில் நான்கு நாளில் முதல் சிரிப்பு அதுதான். பிளாஸ்க் அவருக்கே உரிமையானது. மூடியில் பிளாஸ்திரி ஒட்டி 'மாடு' என்று எழுதி வைத்துக்கொண்டார். மனைவியிடம் தொலைந்துவிட்டது என்று சொல்லியிருந்தேன்.

புறப்படும்போது எனக்கு ஒரு வேலை கொடுத்தார். "தினமும் காலையில பள்ளிக்கூடம் போக முன்னம் இங்க வந்து காது வைக்கோணும். வச்சு எனக்குப் போன் பண்ணோணும். பிழை செய்தவர்தானே கேக்கோணும்?"

மறுநாள் விடிந்ததும் போனேன். வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டையோடு சாணித் தரையில் மண்டியிட்டு, செவலையின் இடப்பக்கம் காதை வைத்தேன். ஒன்றுமில்லை. ராக்கம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இல்லை மிஸ்ஸி" என்று தொலைபேசியில் சொன்னேன். "அவசரப்படாதையுங்கோ. இப்பதான் குடி வந்திருக்கினம்" என்றார்.

அதற்கும் அடுத்த நாள். காதில் செவலையின் உடம்புச் சூடு மட்டும். எழுந்திருக்கலாம் என்று நினைத்த நேரத்தில், வெகுதொலைவில் ரப்பர் தோட்டத்துக் கித்தா மரங்களுக்கு அப்பால் மழை தொடங்குவதுபோல ஓர் உருளல். நின்றது. மறுபடி வந்தது.

உடனே அழைத்தேன். "இடிக்குது, மிஸ்ஸி!"

"சரி" என்றார். "இப்ப ஒரு கைப்பிடி புல்லுக் குடுங்கோ. ஒரு கைப்பிடிதான்."

செவலை அதை வாங்கித் தின்றது. நண்பகலுக்குள் அசை போட்டது. ராக்கம்மா கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் பள்ளிக்கு இரண்டு பாடவேளை தாமதமாகத்தான் போனேன்.

இரண்டு மாதத்தில் நல்ல கிடேரிக் கன்று பிறந்தது. ராக்கம்மா அதற்கு யோகம் என்று பெயர் வைத்தார். "மாட்டுக்கு என்ர பேரோ?" என்று மிஸ்ஸி முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார். ஆனால் வரும்போதெல்லாம் அதற்கென்று தனியாக நேப்பியர் புல் ஒரு கட்டு வந்தது. பாக் லாசிமின் காளை அந்த ஆண்டுப் பெருநாளோடு போய்விட்டது. அதற்குள் குடியிருந்தவர்களின் வம்சம் செவலைக்குள்ளும், செவலை நக்கி வளர்த்த கன்றுக்குள்ளும் வாழ்ந்துகொண்டிருந்தது. ராக்கம்மா தொழிற்சாலைக்குப் போகவே இல்லை.

அந்த நிகழ்ச்சி என்னையும் கொஞ்சம் மாற்றியது. அதற்குப் பிறகு எந்த மாணவனையும் மந்தம் என்று நான் எழுதியதில்லை. சிலருக்குப் பாடம் உள்ளே போய், மேலே வந்து, மறுபடி மெல்லப்பட்டுத்தான் சேரும் என்று காத்திருக்கப் பழகிக்கொண்டேன்.

நாங்கள் இருவரும் ஓய்வு பெற்ற பிறகும் நட்பு தொடர்ந்தது. எனக்கு இனிப்பு நீர் நோய் வந்தபோது பார்க்க வந்தார். என் கதையைக் கேட்டுவிட்டு மாட்டின் கதையைத்தான் சொன்னார். "மாடு தின்ற உடன எங்களைப்போல இரத்தத்தில சீனி ஏறுறேல்லை, மாஸ்டர். சீனியைத்தான் உள்ளுக்க இருக்கிறவை முதலே முடிச்சுப்போடுவினமே. அவை விட்ட புளிப்பில ஒரு வகையை எடுத்து, கல்லீரல் தேவைக்கு ஏற்ற சீனியைத் தானே செய்யும். பாலில இருக்கிற இனிப்பும் அதில இருந்து வந்ததுதான்."

என் மனைவி பலகாரத் தட்டை என் பக்கமிருந்து நகர்த்தினார். "அப்ப இவர என்னதான் திங்கச் சொல்றீங்க?"

"லாலாங் நல்லது" என்றார் மிஸ்ஸி. அன்று சிரித்த சிரிப்பில்தான் பிளாஸ்க் கதையும் என் மனைவிக்குத் தெரியவந்தது.

கடைசியாக இரண்டு மாதத்துக்கு முன் செனாயில் அவரைப் பார்த்தேன். உடல் மெலிந்திருந்தது. மகன் கொடுத்த கஞ்சியைக் கரண்டி கரண்டியாக, ஒவ்வொரு வாயையும் மென்று சாப்பிட்டார். கஞ்சியையா மெல்வது என்று கேட்டேன். "பழக்கம்" என்றார். பிறகு, "யோகத்தின்ர மகள் சினையாமே? மாட்டுப் பொங்கலண்டைக்கு ஒரு கரண்டிக்கு மேல குடுக்க விடாதையுங்கோ" என்றார். வேறு எந்தப் பொறுப்பையும் அவர் என்னிடம் விட்டுச் செல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை சிகாமட் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். எத்தனையோ தோட்டங்களிலிருந்து மாடு வளர்ப்பவர்கள் வந்திருந்தார்கள். பாக் லாசிம், தளர்ந்துபோன வயதிலும், பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை சாம்பலைக் கரைக்க ஆற்றங்கரைக்குப் போனோம். பால் கொண்டுவருவது ராக்கம்மாவின் பொறுப்பு. அவர் துணிப்பையிலிருந்து ஒரு பிளாஸ்க்கை எடுத்தபோது என் கண் தானாக அதன் மூடிக்குப் போனது.

"பயப்படாதீங்க சார். இது வேற பிளாஸ்க்."

மிஸ்ஸியின் மகன் உட்பட எல்லாரும் சிரித்துவிட்டோம். ஈமக் காரியத்தில் சிரிக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. அவர் இருந்திருந்தால் முதலில் சிரித்திருப்பார். மகன் பாலை ஊற்றினார். பழுப்பு நீரில் அந்த வெள்ளை சற்று நேரம் சுழன்று நின்றுவிட்டுத்தான் நகர்ந்தது.

திரும்பும் வழியில் ராக்கம்மாவின் கொட்டகை முன் காடியை நிறுத்தச் சொன்னேன். யோகத்தின் மகள் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. முழங்கால் முன்போல மடங்குவதில்லை. ராக்கம்மா அதே பழைய வாளியைக் கவிழ்த்துப் போட்டார். அதில் உட்கார்ந்து, சாய்ந்து, இடப்பக்கத்தில் காதை வைத்தேன். காத்திருக்க எனக்குத் தெரியும், கற்றுக்கொடுத்தவர் அவர்.

இடிக்குது, மிஸ்ஸி. நல்லா இடிக்குது. நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.